புதுப்பிப்பு: மானிடவியல் மாணவர்களுக்கு எந்த அகராதி?

முதுகலை மானிடவியலில் சேர்ந்திருக்கும் என் தங்கைக்கு எந்த அகராதி வாங்கலாம் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, இப்போது ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம்.

அலன் பர்னார்ட், ஜோனத்தன் ஸ்பென்சர் தொகுத்த சமூக, பண்பாட்டு மானிடவியல் கலைக்களஞ்சியம்தான் வாங்கியது. 1996-இல் வந்தது, 2010-இல் இரண்டாம் பதிப்பு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, உறவுமுறை, சடங்கு, பரிசுப் பரிமாற்றம் என்று எந்தத் தலைப்பை எடுத்தாலும் ஒரு வரி விளக்கத்தோடு நின்றுவிடாமல் யார் யாரோடு எதற்காக வாதிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த கட்டுரைக்கு அனுப்புகிறது, கட்டுரை எழுத வேண்டிய மாணவருக்கு அதுதானே வேண்டும்! சார்லட் சீமோர்-ஸ்மித்தின் 1986 அகராதியையும் நூலகத்தில் பார்த்தோம். சுருக்கமானது, தேர்வுக்கு முன் புரட்ட வசதி, ஆனால் அதற்குப் பிறகு வந்த விவாதங்கள் அதில் இருக்க வழியில்லை.

அப்புறம், நீலகிரியில் களப்பணி செய்ய நினைப்பவர்கள் பரோ, எமனோ இருவரின் திராவிட வேர்ச்சொல் அகராதியைக் கட்டாயம் பாருங்கள். 1984-இல் வந்த இரண்டாம் பதிப்பை சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே இலவசமாகத் தேடலாம். தோடர், கோத்தர் மொழிகளை எமனோ 1930-களில் அங்கேயே தங்கிப் பதிவு செய்தவர், அந்த உழைப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

தொல்லியல் அகராதிகளை இன்னும் பார்க்கவில்லை. பயன்படுத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.