மீந்த சோறு: ஆவி பறக்கச் சுடவைத்தால் போதுமா?

அகப்பை:
இரவு மீந்த சோற்றைக் காலையில் நன்றாகச் சுடவைத்தால் கிருமி செத்துவிடும். அப்படிச் சுடவைத்த சோறும் ஆபத்து என்று இங்கே எழுதுவது, சமைக்கிற பெண்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்பில்தான். கை கழுவுகிறோம், மூடி வைக்கிறோம். வேறென்ன செய்ய வேண்டும்?

நுண்ணோக்கி:
கிருமி சாகும், அது விட்டுப்போன நச்சு போகாது. அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்திகள் (விதைபோல் உறங்கும் தடித்த ஓட்டு வடிவம்) சோறு வேகும் 100 டிகிரியிலும் பிழைத்துக்கொள்ளும். சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியபின் முளைத்துப் பெருகும். அப்போது உண்டாகும் செரியுலைட் என்ற நச்சு பிரஷர் குக்கர் சூட்டையும் தாங்கும். வாடையோ நிறமோ மாறாததால் முகர்ந்து பார்த்தும் பயனில்லை. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வரும்.

அகப்பை:
சூடாக ஃப்ரிட்ஜில் வைத்தால் பக்கத்தில் இருக்கும் பாலும் கெடும் என்பார்கள். அதனால்தான் ஆறட்டும் என்று வெளியே விடுகிறோம்.

நுண்ணோக்கி:
பானையோடு வைத்தால் அந்தப் பயம் நியாயமே. நடுச்சோற்றின் சூடு இறங்கப் பல மணி நேரமாகும். அகலத் தட்டில் 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். ஆவி அடங்கியதும் உள்ளே வையுங்கள். சமைத்து 2 மணி நேரம்தான் கெடு. அறைச்சூடு 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம். ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா என்று உள்ளே ஒரு வெப்பமானி வைத்துப் பாருங்கள்.

தட்டுமுட்டு:
தெரிந்தவர்களும் தவறுவது வேறு இடத்தில். கோழி வெட்டிய கையோடு உப்பு டப்பாவைத் திறப்பார்கள், குழாயைத் திருகுவார்கள். பிறகு கை கழுவி, அதே குழாயை மூடும்போது கிருமி திரும்ப ஒட்டும். கறியைத் தொடும் முன்பே உப்பு, மசாலாவைக் கிண்ணத்தில் எடுத்துவிடுங்கள். பச்சையாகத் தின்னும் காய்களை முதலில் நறுக்குங்கள், கறி கடைசியில். கோழியைக் குழாயடியில் கழுவவே வேண்டாம். பச்சைக் கோழியில் இருக்கும் கேம்பிலோபாக்டர் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி தெறித்து, கழுவி வைத்த தட்டிலும் விழும்.

அகப்பை:
கழுவாமல் எப்படி? ரத்தமும் எலும்புத் துணுக்கும் இருக்குமே. இதை நான் ஏற்கவில்லை.

தட்டுமுட்டு:
காகிதத் துண்டால் துடைத்து எறியுங்கள். கழுவியே தீர வேண்டுமென்றால், பாத்திரத்து நீரில் மெல்ல அலசி, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேயுங்கள். கிருமியைக் கொல்வது தண்ணீர் அல்ல, நடுக்கறியில் ஏறும் 74 டிகிரி சூடுதான். இதெல்லாம் பெண்களுக்கு மட்டுமான பாடமும் இல்லை. நள்ளிரவில் சோற்றுப் பாத்திரத்தை எடுத்து வெளியிலேயே விட்டுப்போகிறவரும் படிக்கட்டும்.

அகப்பை:
பரப்பி ஆறவைப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் என்ன வழி?

நுண்ணோக்கி:
அந்த வேளைக்கு மட்டும் அளந்து உலை வைப்பதுதான்.