ஓர்ஃபியஸ் திரும்பிப் பார்த்தது குற்றமா?

இரவுப்பணி: நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: க்ளுக் என்ற இசையமைப்பாளரின் ஓபராவில் (இசை நாடகத்தில்) செத்துப்போன மனைவி யூரிடிஸியைப் பாதாளத்திலிருந்து மீட்டுவரும் ஓர்ஃபியஸ் திரும்பிப் பார்க்கிறான், அவள் மறுபடி சாகிறாள், ஓபியாய்டு என்ற அபின் வகை மருந்துகளுக்கு அடிமையான பிள்ளைகளின் வீட்டாருக்கு இதுதான் பாடமாம், கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டுமாம். படித்ததும் வயிறு எரிந்தது. 2021இல் அமெரிக்காவில் போதைப்பொருள் அளவு மீறிச் செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அத்தனை பேரும் வீட்டார் பார்த்ததாலா செத்தார்கள்?

எழில்: அந்த 'ஒருவர்' நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். ஓபரா மேடையேறியது 1762, வியன்னா. தெய்வங்கள் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: மேலே வரும்வரை அவளைப் பார்க்கக் கூடாது. பார்த்தான், செத்தாள்.

இரவுப்பணி: பாதியை விழுங்கிவிட்டீர்கள். ஏன் பார்க்கவில்லை என்று அவளிடம் சொல்லவும் கூடாது. அன்பு போய்விட்டதா என்று அவள் கதறுகிறாள். தாங்காமல்தான் திரும்புகிறான்.

எழில்: திரும்பினானா இல்லையா?

இரவுப்பணி: நான் ஒஹாயோவில் அவசரப் பிரிவு நர்ஸ். ஓபியாய்டை முறிக்கும் நலாக்ஸோன் மருந்தை மூக்கில் அடித்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு வரும். அது வேலை செய்வது அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். உடம்பில் ஓபியாய்டு மிச்சமிருந்தால் மறுபடி மூச்சு அடங்கும். அதுவரை பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். ஒரு அப்பா மகளின் நெஞ்சில் கை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார், உதட்டு நீலம் போன பிறகும் எண்ணினார். அவரிடம் போய்ச் சொல்லுங்கள், பார்க்காதே என்று.

தாமரை: இருவரும் பாம்பை மறந்துவிட்டீர்கள். பழைய கதையில் யூரிடிஸியை முதலில் கடித்துக் கொன்றது அதுதானே? இங்கே பாம்பு மருந்துக் கம்பெனி. ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு வலி மாத்திரை 1996இல் சந்தைக்கு வந்தது. அடிமையாக்கும் அபாயத்தைக் குறைத்துச் சொல்லி விற்றதாக 2007இல் கம்பெனித் தரப்பே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஓபரா போடுகிறவர்கள் அதைக் காட்டட்டும்.

எழில்: கடைசியில் காதல் தெய்வம் வந்து எழுப்பிவிடுகிறதே, அதையும் நலாக்ஸோன் என்பீர்களா? இதே கதையைச் சொன்ன ரோமானியக் கவிஞர் வர்ஜிலில் அவள் உயிரோடு திரும்பவே இல்லை. அப்புறம், அது யூரிடிஸி இல்லை, இத்தாலிய உச்சரிப்பில் எவுரிதீச்சே.

இரவுப்பணி: உச்சரிப்புக்கு ஓடிவிட்டீர்கள். போன மாதம் ராக விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

எழில்: அதில் தோற்றது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இரவுப்பணி: அடிமைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரும் மெத்தடோன், ப்யூப்ரனார்ஃபின் மருந்துகளை எடுத்து எழுந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவாவது க்ளுக்கின் முடிவு மேடையில் இருக்கட்டும். திரும்பிப் பார்த்தது குற்றமில்லை.

எழில்: நிபந்தனை நிபந்தனைதான். பார்த்தான்.

இரவுப்பணி: பார்க்கத்தான் வேண்டும்.