புதுப்பிப்பு: தூங்குமூஞ்சி மரக் கிண்ணங்களில் விரிசல், தீர்வு கிடைத்தது

ஈர மரத்தில் கடைந்த கிண்ணங்கள் காயும்போது விளிம்பில் விரிசல் விடுகின்றன, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். மரம், வெட்டிப் போட்டிருந்த தூங்குமூஞ்சி. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலன் தந்தது, தடிமனாகக் கடைந்து, மெழுகு பூசி, காகிதப் பையில் காயவிடும் யோசனைதான். சுவரின் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு: 20 செ.மீ. கிண்ணத்துக்கு 2 செ.மீ. தண்டின் நடுப்பகுதி கிண்ணத்துக்குள் வராதபடி கட்டையை அறுத்துக்கொண்டேன். இதை விட்டுவிடாதீர்கள், விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். நார்களின் முனை தெரியும் பக்கங்களில் மட்டும் மெழுகு; ஈரம் அந்த வழியாகத்தான் வேகமாக வெளியேறுகிறது. அப்புறம் சமையல் தராசில் அவ்வப்போது எடை பார்த்தேன். எடை குறைவது நின்றதும் மறுபடி கடைசல் எந்திரத்தில் ஏற்றினேன். வட்டம் நீள்வட்டமாகியிருந்தது, தடிமன் இருந்ததால் சரியாகிவிட்டது.

எதிர்பாராதது பூஞ்சணம். நம்மூர் சிங்கப்பூரின் ஈரக்காற்றில், மரச்சீவல் நிரப்பிய பைக்குள் சீக்கிரமே பிடித்துவிட்டது. சீவலை எடுத்துவிட்டு, நமுத்த பையை அடிக்கடி மாற்றியதும் நின்றது. குளிர்சாதன அறையில் காயவிடும் யோசனை எனக்கு ஒத்துவரவில்லை: காற்று வறண்டு, மெழுகு பூசிய கிண்ணமும் வெடித்தது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் செய்பவர்களுக்கு ஒன்று. கிண்ணத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவையுங்கள்.