ஒரே நாளில் 11 விதி போட்டேன். இப்போது எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

மொட்டைமாடி எழுதியது:

வீட்டில் நாங்கள் 5 பேர். நான், கணவர், அத்தை, 14 வயதுப் பெண், 9 வயதுப் பையன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் குப்பை, கரண்ட், தண்ணீர் வீணாவதைக் குறைக்க வேண்டும் என்று எனக்கு வேகம் வந்துவிட்டது. 11 விதிகளை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். குப்பையை மூன்றாகப் பிரிக்க வேண்டும், டிஷ்யூ தாளுக்குப் பதில் துணி, குளியல் 5 நிமிடம், துணிப்பை இல்லாமல் கடைக்குப் போகக்கூடாது, சார்ஜரைப் பிளக்கில் விட்டுவைக்கக்கூடாது... இப்படிப் போகும்.

யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது என் தப்புதான், அதற்காகத் திட்டாதீர்கள், வீட்டிலேயே போதுமான அளவு கிடைத்துவிட்டது.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் பெண், "அம்மா, நீ போலீஸ் மாதிரி பின்னாலேயே வர்றே" என்றாள். குளியலறைக் கதவைத் தட்டி நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அதனால் மறுத்துப் பேச முடியவில்லை. மூன்றாவது வாரம், சமையலறைக் கழிவை மக்க வைக்கப் பால்கனியில் வைத்த உரத்தொட்டி நாற ஆரம்பித்தது. சாதாரண நாற்றம் இல்லை, சாக்கடை மூடியைத் திறந்த மாதிரி. உள்ளே வெள்ளைப் புழு. அடியில் போட்டிருந்த ஓட்டை வழியாகக் கறுப்பாகத் தண்ணீர் சொட்டி, கீழ்வீட்டில் காயப்போட்டிருந்த போர்வையில் விழுந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுப் போர்வையை நானே துவைத்துக் கொடுத்தேன். அத்தை அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு மட்டும், "குப்பையை வெளியே அனுப்பத்தான் எல்லாரும் பாடுபடுறாங்க, நீ உள்ளே சேர்த்து வைக்கிறியே" என்றார்.

அடுத்தது சார்ஜர். ஒருநாள் ராத்திரி 11 மணிக்கு எழுந்து வீடு முழுக்கச் சுற்றிச் சார்ஜர்களைப் பிடுங்கினேன். அதில் ஒன்றில் கணவரின் போன் இருந்ததை இருட்டில் கவனிக்கவில்லை. விடிகாலை ரயிலுக்கு அலாரம் வைத்திருந்தார். போன் அணைந்து, அலாரம் அடிக்காமல், ரயில் போய்விட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

இப்போது அந்தத் தாளின் ஒரு மூலை கிழிந்து தொங்குகிறது. உயிரோடு இருப்பது இரண்டே விதி, இரண்டையும் நான் மட்டும்தான் செய்கிறேன். மொத்தமாக விட்டுவிட மனசு வரவில்லை. எதை வைத்துக்கொள்ளலாம்? உரத்தொட்டியைக் காப்பாற்ற வழி உண்டா, இல்லை கொட்டிவிடவா?


பழைய வயரிங்காரன்:

தங்கச்சி, சார்ஜரை முதலில் விட்டுவிடுங்கள். 30 வருஷம் வயரிங் வேலை பார்த்தவன் சொல்கிறேன். போன் மாட்டாத இன்றைய சார்ஜர் 0.2 வாட் இழுத்தால் அதிகம். அப்படியே வருஷம் முழுக்கப் பிளக்கில் இருந்தாலும் 2 யூனிட்கூட வராது. அந்த ரயில் டிக்கெட்டுக்கு எத்தனை வருஷம் சார்ஜர் மாட்டி வைத்திருக்கலாம் என்று உங்கள் வீட்டுக்காரர் கணக்குப் போடுவதற்கு முன்னால் சமாதானம் ஆகிவிடுங்கள்.

டிவி பக்கத்தில் செட்டாப் பெட்டி இருந்தால் ஆஃப் செய்தபிறகு அதைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ரிமோட்டில் அணைத்தாலும் அது தூங்கவில்லை என்று அர்த்தம். 10 வாட் என்று வைத்துக்கொண்டால்கூட வருஷத்துக்கு 87 யூனிட்டுக்கு மேல். அதற்கு ஒரு சுவிட்ச் போதும். வீட்டில் எங்கேயாவது 60 வாட் குண்டு பல்பு மிச்சம் இருந்தால் 9 வாட் எல்இடி மாட்டுங்கள். ஏறக்குறைய அதே வெளிச்சம். தினம் 5 மணி நேரம் எரிகிற இடத்தில் வருஷத்துக்கு 93 யூனிட் மிச்சம், ஒரு தடவை ஸ்டூலில் ஏறி இறங்கினால் முடிந்தது.

மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும், பார்த்திருக்கிறீர்களா? அதன் மேலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சடித்திருக்கும். 3200 என்று போட்டிருந்தால், 10 வாட் ஓடும்போது ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். எல்லாரும் படுத்த பிறகு ஃபிரிட்ஜைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுப் போய்ப் பாருங்கள். யாரும் எதையும் பயன்படுத்தாத நேரத்திலும் வேகமாக மினுக்கினால் ஏதோ ஒன்று திருட்டுத்தனமாக ஓடுகிறது. பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள், 9 வயதில் இது துப்பறியும் வேலை. திரும்பி வந்ததும் ஃபிரிட்ஜைப் போட மறந்துவிடாதீர்கள்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. உள்ளே 4 டிகிரி போதும். சொட்டுகிற குழாய் இருந்தால் வாஷரை மாற்றுங்கள். நான் சொன்ன எதிலுமே யாரும் எதையும் தினம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம், கவனித்தீர்களா? (சரி, அந்த ஒரு சுவிட்சைத் தவிர.)


காய்ந்தஇலை:

தொட்டியைக் கொட்டாதீர்கள் அக்கா. கெட்டுப்போகவில்லை, மூச்சு முட்டிக் கிடக்கிறது.

காற்று இல்லாமல் ஈரமாக அமுங்கிப்போனால் அழுகல் நாற்றம் வரும். காய்கறித் தோலையும் பழத்தோலையும் மட்டும் போட்டுக்கொண்டே இருந்தீர்கள் என்று நினைக்கிறேன். அதில் நைட்ரஜனும் தண்ணீரும்தான் அதிகம். கூடவே கார்பன் உள்ள காய்ந்த பொருள் வேண்டும்: சருகு, மரத்தூள், கிழித்த அட்டைப்பெட்டி. ஒரு கிண்ணம் ஈரத்துக்கு இரண்டு மூன்று கிண்ணம் காய்ந்தது. பளபளப்புப் பூச்சு உள்ள அட்டையும் டேப் ஒட்டியதும் வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது: பழைய துணி உடுத்திக்கொள்ளுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் ஒரு தார்ப்பாயில் கவிழ்த்து விரல் நீளத்துக்கு அட்டையைக் கிழித்துப் போட்டுக் கிளறுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். பிழிந்த ஸ்பாஞ்ச் மாதிரி ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் இன்னும் அட்டை. திரும்பத் தொட்டியில் போடும்போது அமுக்காதீர்கள். மேலே இரண்டு அங்குலம் சருகு, அடியில் ஒரு தட்டு. அந்தத் தட்டு இருந்திருந்தால் போர்வை தப்பித்திருக்கும். இரண்டு மூன்று நாளில் நாற்றம் அடங்கும். எனக்கு முதல் தடவை நான்கு நாள் ஆனது, ஏனென்றால் நான் சோம்பேறி, பாதிதான் கிளறினேன்.

புழு ஈயின் புழுதான். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் அதுவும் மக்க வைக்கிற வேலையைத்தான் செய்கிறது. மேலே காய்ந்ததை மூடி வைத்தால் புது ஈ வந்து முட்டையிடாது. சமைத்த சாப்பாடு, எண்ணெய், இறைச்சி எதுவும் தொட்டிக்குள் போகக்கூடாது.

முக்கியமானது, காய்ந்த சருகுப் பை தொட்டிக்குப் பக்கத்திலேயே கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். என்னுடையது முதலில் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒருவர்கூட போய் எடுக்கவில்லை, நான் உட்பட.


இருபத்துமூணுபை:

பெயரே சொல்லும். எங்கள் வீட்டில் 23 துணிப்பைகள் இருக்கின்றன. எல்லாம் விழாவில் கொடுத்தது, மறந்துபோய்க் கடையில் வாங்கியது. டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் கணக்குப் போட்டது. பருவநிலைப் பாதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டாலே, கடையில் தரும் ஒரு பிளாஸ்டிக் பைக்குச் சமமாக வர சாதாரணப் பருத்திப் பையை 52 தடவை பயன்படுத்த வேண்டுமாம். தண்ணீர், மற்ற பாதிப்பு எல்லாம் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் போகிறது. புதுப்பை வாங்காமல் இருப்பதுதான் விஷயம். நான் இரண்டை மட்டும் செருப்பு அலமாரியின் ஆணியில் மாட்டிவிட்டு மீதியைப் பரணில் போட்டேன். செருப்பு போடும்போது கண்ணில் படுகிறது.


தராசு:

உங்கள் 11-ல் சாப்பாடு வீணாவது பற்றி ஒரு விதிகூட இல்லையே? ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி 2022-ல் உலகம் முழுவதும் வீணான உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில். வீசியது குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது. விதி எதுவும் போடாதீர்கள். குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் கட்டித் தொங்கவிட்டு, என்ன கொட்டினீர்கள், ஏன் என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாரம் போதும்.


மொட்டைமாடி எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. தாளைக் கிழித்துத் தொட்டிக்குள்ளேயே போட்டேன், அதுவும் காய்ந்த பொருள்தானே. நாற்றம் மூன்றாம் நாள் போய்விட்டது. கீழ்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, தன் வீட்டு அட்டைப்பெட்டிகளைக் கொடுத்தனுப்பினார். போர்வையைப் பற்றி இன்னும் பேசுவதில்லை.

மீட்டர் பார்க்கப் போனோம். ஃபிரிட்ஜை நிறுத்திய பிறகும் மினுக்கல் நிற்கவில்லை. பையன் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துவிட்டு மாடிப்படியில் ஓடிவந்து கேட்பான், நான் நொடி எண்ணுவேன். செட்டாப் பெட்டியும், பெண்ணின் அறையில் ஒருவரும் பயன்படுத்தாத பழைய பிரிண்டரும். பிரிண்டரை அவள் அன்றைக்கே பிடுங்கிவிட்டாள், நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் அந்த நோட்டு. வைத்த நாளிலிருந்து அத்தைதான் காவல். யார் எதைக் கொட்டினாலும் அவரே எழுதுகிறார், ஆளின் பெயரோடு. இரண்டு வாரத்தில் 31 வரி. பிள்ளைகள் பெயரில் ஆறு, கணவர் பெயரில் நான்கு, அத்தை பெயரில் இரண்டு. மீதி 19-ம் நான். ஆசையாக வாங்கி ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைத்து மறந்த கீரைவகைகள்தான் பாதிக்கு மேல். காரணம் என்ற இடத்தில் அத்தை ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தை எழுதியிருக்கிறார்: "பார்க்கவில்லை."

தராசு, அடித்தட்டை என்ன செய்கிறீர்கள் உங்கள் வீட்டில்? காலியாகவே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.


தராசு:

எங்கள் வீட்டில் அங்கே தண்ணீர் பாட்டில்கள். வாடுகிறதெல்லாம் கண் உயரத்தில்.