திசையே தெரியாத சொந்தக்காரங்களுக்கு கல்யாண வீட்டு ரூட் மேப், எப்பிடி வரையலாம்?

சானல்கரை பையன்:
மக்களே ஒரு ஹெல்ப். அக்காவுக்கு கல்யாணம், மொத நாள் சாயங்காலம் வீட்டுல வச்சு சாப்பாடு. வீடு கன்னியாகுமரி மாவட்டம், அழகியமண்டபத்துல இருந்து திங்கள்சந்தை ரோட்டுல கொஞ்சம் போய் ஒரு குருசடி (ரோட்டோரமா சிலுவை வச்சிருக்க சின்ன கோயில்) முக்குல உள்ள திரும்பணும். கூகுள நம்பி வந்தா சானல் (கால்வாய்) கரை வழியா கூட்டிட்டு போய் காரு திருப்ப கூட எடம் இல்லாத எடத்துல வந்தாச்சுன்னு சொல்லுது. சென்னை, ஈரோடுல இருந்து வர்றவங்கள்ல பாதி பேருக்கு கெழக்கு மேக்கு சுத்தமா தெரியாது, மாமி ஒருத்தங்க லிப்ட்டுல இருந்து எறங்கினாலே எந்தப் பக்கம்னு கேப்பாங்க. பத்திரிகை கூட வைக்க வடக்க மேல வச்சு ஸ்கேல் எல்லாம் போட்டு ஒண்ணு வரைஞ்சேன், அப்பா பேப்பர திருப்பி திருப்பி பாக்காரு.

கோடு போடுறவன்:
தம்பி, வடக்கு வேண்டாம். திசை தெரியாதவங்களுக்கு மேப்ப மனசுக்குள்ள சுத்திப் பாக்குறது தான் கஷ்டமே, அத நாமளே சுத்திக் குடுத்துரணும். பேப்பர்ல கீழ இருந்து மேல ஒரே நேர் கோடா ரோட்ட போடு, வளைவு நெளிவு வேண்டாம், கீழ தக்கலை, மேல உங்க வீடு, வண்டில இடது பக்கம் வர்றது பேப்பர்லயும் இடது பக்கம். 1675லயே ஜான் ஓகில்பி இங்கிலாந்து ரோடுகள இப்பிடி நீளத் துண்டா வரைஞ்சு புக்கு போட்டாரு, அதையும் கீழ இருந்து மேல தான் பாக்கணும். 1933ல ஹாரி பெக்கோட லண்டன் சுரங்க ரயில் மேப்லயும் தூரம் நெஜ அளவு கெடையாது, எதுக்கப்புறம் எது, எங்க மாறணும், அவ்வளவு தான்.

ஆனா ரெண்டு மேப் வேணும். நாகர்கோவில்ல இருந்து வந்தா அழகியமண்டபத்துல இடது, திருவனந்தபுரத்துல பிளைட் எறங்கி களியக்காவிளை வழியா வந்தா அதே ஜங்ஷன்ல வலது. ஒரே பேப்பர்ல ரெண்டும் போட்டா மாமி குளச்சல்ல போய் நிப்பாங்க.

டெம்போ அண்ணாச்சி:
300 மீட்டர்னு எல்லாம் எழுதாதப்போ, ஓடுற வண்டில யாரு அளக்கா? திரும்புற எடத்துல குருசடி, அதுக்கு முந்தி வெயிட்டிங் ஷெட், தாண்டிப் போயிட்டா என்ன வரும், இந்த மூணும் போடு. மூணாவத தான் யாரும் போட மாட்டானுவ, அது இல்லாம தான் சனம் திங்கள்சந்தை வரைக்கும் போய்ட்டு திரும்பி வருது. சாயங்காலம் சாப்பாடுன்னா இருட்டிரும், பச்ச கேட்டு, மஞ்ச சொவருன்னு போட்டு பிரயோஜனம் இல்ல. மார்த்தாண்டத்துல பாலத்து மேலயா கீழயான்னும் எழுதிரு.

வேளிமலை:
நாகர்கோவில்ல இருந்து தக்கலை பாத்து வரும்போ மலை வலது பக்கம் இருக்கணும்னு ஒரு வரி போட்டா போதுமே, நாங்க அப்பிடி தான் கண்டுபிடிப்போம்.

டெம்போ அண்ணாச்சி:
ராத்திரி ஏழரைக்கு மலைய டார்ச் அடிச்சா பாப்பாவ?

நாரோயில் அக்கா:
வாட்ஸப்புல லொக்கேஷன் அனுப்பும்போ வீட்ட அனுப்பாத, குருசடி முக்க அனுப்பு. சானல் கரைக்கு கூகுள் இழுக்காது, முக்குல இருந்து உன் பேப்பர் பாத்துக்கும். திரும்பிப் போறதுக்கும் பின்பக்கம் ஒரு கோடு போட்ரு, வந்த வழிய தலைகீழா யோசிக்க அவங்களால முடியாது. அப்புறம் அடியில போன் நம்பர், உன் நம்பரோ அப்பா நம்பரோ வேண்டாம், அன்னைக்கு ரெண்டு பேரும் எடுக்க மாட்டீங்க. பந்தியில வேலை இல்லாம சும்மா நிக்கிற ஒரு சித்தப்பா இருப்பாருல்லா, அவரு நம்பர் போடு.