மறு: 'ரெசின் இன்ஃபில்ட்ரேஷன்' – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'பிசின் ஊடுருவல்' என்று நேராகவே வைத்துவிடலாமே?

வணக்கம்.

வைக்கலாம், பொருளில் பிழையில்லை; பல்லில் வரும் வெள்ளைத் திட்டுகளுக்குள் பிசினை இறக்கி மறைக்கும் சிகிச்சைதானே இது. ஆனால் நான் எழுதுவது பல் மருத்துவரிடம் காத்திருப்பவர்கள் புரட்டிப் பார்க்கும் கையேடு. ஊடுருவல் என்றதும் அவர்களுக்கு எல்லையும் ராணுவமும்தான் நினைவுக்கு வரும்.

> அந்தத் திட்டுக்கு வெண்புள்ளி என்ற சொல் இருக்கிறதே?

அது தோலுக்குப் போய்விட்டது. வெண்குஷ்டம் என்ற பெயரை ஒழிக்கப் பலர் பாடுபட்டுக் கொண்டுவந்த சொல். அதைப் பல்லுக்கு இழுக்க வேண்டாம். 'வெண்கறை' அதைவிட ஆபத்து. கறை என்றால் தேய்த்தால் போகும் என்று உப்பும் சாம்பலுமாக ஆரம்பித்துவிடுவார்கள். இது மேலே படிந்ததே இல்லை.

கிளிப் போட்டிருந்த பிள்ளைகளின் பல்லில், கிளிப்பைச் சுற்றி அழுக்கு தங்கிய இடத்தில் பாக்டீரியா அமிலம் சுரக்கிறது. பிஎச் அளவு (குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 5.5க்குக் கீழே இறங்கினால், பல்லின் கடினமான மேலுறையான பற்சிப்பியிலிருந்து (எனாமல்) கனிமம் கரைய ஆரம்பிக்கும். வேடிக்கை என்னவென்றால், மேற்பரப்பு பெரும்பாலும் அப்படியே இருக்க, அதன் அடியில்தான் நுண்துளைகள் விழுகின்றன. ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் பற்சிப்பிக்குச் சுமார் 1.62, துளையில் தங்கும் தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. இந்த வேறுபாட்டால் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. மருத்துவர் காற்றடித்து உலர்த்திப் பார்க்கும்போது திட்டு இன்னும் பளிச்சென்று ஆவதும் இதனால்தான்.

> 'தொடக்கச் சொத்தை' எனலாமா?

எல்லாத் திட்டும் சொத்தை இல்லையே. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லில் வரும் வெண்மைக்கும் சொத்தைக்கும் சம்பந்தமில்லை. காரணத்தைப் பெயருக்குள் திணிக்காமல் 'வெண்திட்டு' எனலாம். உடனே நம் இலக்கண நண்பர்கள் 'வெண்டிட்டு' என்று புணர்த்திவிடுவார்கள் என்பதால், 'வெள்ளைத்திட்டு' என்றே என் ஓட்டு.

சரி, சிகிச்சைக்கு வருவோம். ஜெர்மனியில் உருவாகி, 2009இல் ஐகான் என்ற பெயரில் சந்தைக்கு வந்த முறை. 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலக் கூழை 2 நிமிடம் தடவி மேலடுக்கைத் திறப்பார்கள். கழுவி, எத்தனாலால் ஈரத்தை எடுத்துவிட்டு, தண்ணீர்போல் ஓடும் பிசினைத் தடவுவார்கள். துளைகள் அதைத் தாமே உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் ஒளி காட்டி இறுக்கிவிடுவார்கள். டிரில் இல்லை, ஊசி இல்லை. பிசினின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, பற்சிப்பிக்கு நெருக்கம் என்பதால் திட்டு பல்லின் நிறத்தோடு கலந்து கண்ணுக்கு மறைகிறது. இது பல்லை வெளுப்பதும் இல்லை, சொத்தைக் குழியை அடைப்பதும் இல்லை. கையேட்டில் இந்த வேறுபாடு தெரியாவிட்டால் சொல் இருந்தும் பயனில்லை.

தானாக உள்ளே இறங்குவதால் 'பிசின் ஊறல்'தான் மிகப் பொருத்தம் என்று முதலில் நினைத்தேன். 'ஊறல் அழிப்பு' என்று சாராயச் செய்தி படித்த எவரும் அந்தப் பக்கத்தைச் சிரிக்காமல் தாண்டமாட்டார்கள். போன மடலில் வந்த 'பிசினூட்டல்' காதுக்கு அழகு. ஆனால் ஊட்டம் என்றால் சத்து. இழந்த கனிமத்தை ஃபுளோரைடு பூசி மீட்பது வேறு சிகிச்சை, இரண்டையும் குழப்பிவிடும்.

எனவே 'பிசினேற்றம்'. குருதியேற்றம், மின்னேற்றம் வரிசையில் உட்காரும். அதைவிட முக்கியம், நாற்காலியருகே நின்று மருத்துவர் பேச்சுவழக்கிலேயே சொல்லலாம்: "பிசின் ஏத்திடலாம்மா, வலிக்காது." குளுக்கோஸ் ஏற்றிக்கொண்ட ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேப்பம்பிசினும் பாதாம்பிசினும் தெரிந்தவர்களுக்குப் பிசின் என்பதும் புதிதல்ல.

எனாமலுக்கு இப்போதைக்குப் 'பற்சிப்பி' போட்டிருக்கிறேன். இலங்கை நண்பர்கள் பள்ளியில் 'மிளிரி' என்று படித்தவர்கள். எனக்கும் அதுவே பிடித்திருக்கிறது. இங்குள்ளவர்களுக்குப் புரியுமா என்பதுதான் தயக்கம். அச்சுக்குப் போக இரண்டு வாரம் இருக்கிறது, சொல்லுங்கள்.

அன்புடன்