மறு: ‘கோதிக் போஸ்ட்-பங்க் சீன்’ – தமிழில் எப்படி?

வணக்கம். பங்க் ராக்குக்குப் பின் வந்த இருண்ட தொனி ராக் இசையையும் அதைச் சுற்றிய கூட்டத்தையும் குறிக்கும் இந்த ஆங்கிலத் தொடரைத் தமிழில் எப்படி எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் தந்த சொற்கள் இவை:

> கோதிக் – பேயிசை
> போஸ்ட்-பங்க் – பின்பங்க்
> சீன் – காட்சி

முதல் இரண்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பேயிசை வேண்டாம் ஐயா. சாந்தோம் தேவாலயத்தைக் கோதிக் பாணி என்றே எழுதிப் பழகிவிட்டோம். ஆங்கிலத்திலும் கட்டடத்துக்கும் பழைய திகில் நாவலுக்கும் இருந்த சொல்லைத்தான் பாட்டுக்கு இரவல் வாங்கினார்கள். ‘பின்பங்க்’ என்றதும் எனக்குப் பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் இருக்கும் டீக்கடைதான் கண்ணில் படுகிறது. ஆனாலும் பின்நவீனத்துவம் பழகவில்லையா? முதலில் ஒருமுறை ‘பங்க் ராக்’ என்று விரித்து எழுதிவிட்டால் போதும்.

சிக்கல் மூன்றாவதில். ஒருவகை இசையைச் சுற்றிச் சேரும் குழுக்கள், ரசிகர்கள், கடைகள், இதழ்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் ‘சீன்’ என்கிறார்கள். ‘சீன்’ என்று அப்படியே விடவும் முடியாது. நம்மூரில் சீன் போடுவது வேறு வேலை. ‘காட்சி’ என்றாலோ, பார்க்கிறவர் தள்ளி உட்கார்ந்துவிடுகிறார்.

நீங்கள் எழுதும் யூகே டிகே (UK Decay) என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவையே பாருங்கள். ஊர் லூட்டன்: லண்டனுக்கு வடக்கே, தொப்பிக்கும் வாக்ஸ்ஹால் காருக்கும் பேர்போனது. ரெசிஸ்டர்ஸ் என்ற பெயரை மாற்றிக்கொண்டு 1979இல் கிளம்பியவர்கள். 1981 பிப்ரவரியில் சவுண்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் இசை வார இதழ் ‘பங்க் கோதிக்’ என்று தலைப்பிட்டு இவர்களைப் பற்றி எழுதியது. அதே ஆண்டு ஒரு முழு ஆல்பம். நாலு வருடத்துக்குள் கலைந்தும் போனார்கள்.

ஆனால் முதல் இசைத்தட்டையே தனியாகப் போடவில்லை. ஒரு பக்கம் இவர்கள், மறுபக்கம் நியூமேனியா என்ற இன்னொரு லூட்டன் குழு. அந்தக் குழுவின் ஸ்டீவ் ஸ்பான் பிறகு யூகே டிகேயில் கிடார் வாசிக்க வந்தார். யூகே டிகேகாரர்கள் மேட்ரிக்ஸ் என்று ஒரு கடை திறந்து இசைத்தட்டும் உடையும் விற்றார்கள். த சஸ் என்று ஒரு சிற்றிதழும் நடத்தினார்கள். பாடியவர், விற்றவர், அச்சடித்தவர், வாங்கியவர் எல்லாம் ஒரே கூட்டம். இதில் யார் பார்வையாளர்?

> ‘இசைவட்டம்’ கூடாதா? இலக்கிய வட்டம் இருக்கிறதே.

இசைவட்டு என்றே படிப்பார்கள். போதாக்குறைக்கு, வட்டம் என்றால் செயலாளர், பொருளாளர் எல்லாம் வந்துவிடுவார்கள்!

என் பரிந்துரை களம். நெல்லடிக்கும் களத்தில் அவரவர் கதிரைக் கொண்டுவந்து போடுவார்கள். அடிக்கிறவரும் தூற்றுகிறவரும் அங்கேதான். கணினிக்காரர்கள், களம் என்றால் ‘ஆள்களம்’ (இணையத்தின் டொமைன்) என்று சண்டைக்கு வருவார்கள், தெரியும். முன்னொட்டோடு ‘இசைக்களம்’ என்றால் குழப்பமில்லை. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

“லூட்டனின் பங்க் களம் யூகே டிகேயின் கடையைச் சுற்றியும் வளர்ந்தது.”

உறுத்தவில்லை. ‘காட்சி’யைப் போட்டு இதையே வாசித்துப் பாருங்கள்.

‘பேண்ட்’ என்பதற்குக் குழுவே இருக்கட்டும். கூத்துக்காரர்கள் சொல்லும் ‘ஜமா’தான் எனக்குப் பிடிக்கும், நீங்கள் யாரும் ஒப்பமாட்டீர்கள்.